மூன்றாவது பொத்தான்

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் படலை ஏறத்தாழ 30 ஆண்டுகளாக இரவில் பூட்டப்படுவதில்லை. 1996ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், போரால் இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து நாங்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், பாண் வாங்கி வருவதற்காக 13 வயதுச் சிறுவன் ஒருவன் அந்தப் படலையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனான். அவனும் திரும்பவில்லை, சைக்கிளும் திரும்பவில்லை. அவன் என்னிலும் இரண்டு வயது மூத்தவன். அன்று காலை அவனோடு கடைசியாகக் கதைத்தவர்களுள் நானும் ஒருவன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி. அந்த ஆண்டு பெப்ரவரியில், செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மேடை அமைக்கும் வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. பின்னர் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. நீல நிறப் புத்தகப் பையோடு கிடந்த ஒரு சின்னக் குழந்தையும் அவற்றுள் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த உடைகளையும் செருப்புகளையும் விளையாட்டுப் பொருட்களையும் யாராவது இனங்காட்டக் கூடுமா என்று அறிவதற்காக அந்த ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அந்தச் சிறுவனின் தாயை, நாங்கள் எல்லோரும் மாமி என்று அழைக்கும் அந்த அம்மாவை, நான்தான் ஓட்டோவில் அழைத்துச் சென்றேன்.

மாமி ஒவ்வொரு துணிக்கும் முன்னால் நெடுநேரம் நின்றார். துணி என்று சொல்வதற்கு அவற்றில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. மண்ணின் நிறமே எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. திரும்பி வரும் வழியில் ஒன்றும் பேசாதிருந்தவர், ஒழுங்கை முகப்பில் ஓட்டோ திரும்பும்போது என் கையைப் பிடித்து, “தம்பி, அவன் போட்டிருந்த சேட்டின்ர நிறம் எனக்கு ஞாபகம் வரேல்லையடா” என்றார். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. வெள்ளைப் பொத்தான் வீட்டில் இல்லாதபடியால் ஒரு மண்ணிறப் பொத்தானை அவரே தைத்து விட்டிருந்தார். எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதிக் கொடுத்த, எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அழுதழுது சொன்ன அந்தச் சேட்டின் நிறம், தேவைப்பட்ட நாளில் அவரிடம் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு அது ஞாபகமிருந்தது. இளம்பச்சையில் வெள்ளைக் கோடுகள். ஆனால் அதை நான் அதுவரையில் எங்கும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. ஊரார் கேட்கவில்லை, விசாரிக்க வந்தவர்கள் கேட்கவில்லை, என் பெற்றோரும் கேட்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை எதையாவது சொல்லி, அதனால் இன்னொரு வீட்டிலும் ஒரு பிள்ளை இல்லாமற்போகும் என்ற பயத்தில், “நீ ஒண்டும் காணேல்லை” என்று அம்மா என்னைப் பழக்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் அப்படித்தான் செய்திருப்பார். அந்த ஆண்டு செப்டெம்பரில் செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு பாடசாலை மாணவியும், அவளைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, தேடிப் போனால் தேடிப் போனவர்களும் இல்லாமற்போவார்கள் என்ற பாடத்தை முழுக் குடாநாடும் ஒரே நாளில் படித்துக்கொண்டது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற இராணுவ வீரர் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் நடந்த அகழ்வில் எடுக்கப்பட்டவை 15 மட்டுமே.

ஒரு பிள்ளை காணாமற்போனால் அது அந்த வீட்டின் துயரம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பந்தடி நின்றது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளைகளின் சத்தம் கேட்காத ஒழுங்கையாக அது பல வருடங்கள் இருந்தது. உயர்தரம் படிக்கும் வயதிலும் அம்மா என்னை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை வேலியோரம் நின்றார். மாமியின் வீட்டில் நல்லது கெட்டது எதுவுமே முழுமையாக நடக்கவில்லை. அவனுடைய அக்காவின் கலியாணத்தில், மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வரவேண்டிய தம்பியின் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நின்றான். தோழனுக்கு மாப்பிள்ளை இடுகின்ற மோதிரத்தை அந்தப் பொடியன் தன் விரலில் போட மறுத்து, மாமியின் கையில் கொடுத்தான். மாமா செத்தபோது கொள்ளி வைத்தவரும் வேறு ஒருவர்தான். மகனுக்கோ அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் வாக்காளர் பதிவுப் படிவத்தோடு கிராம அலுவலரான விதானையார் வரும்போது, அவனுடைய பெயரையும் எழுதும்படி மாமி மன்றாடுவதும், அவர் குனிந்த தலை நிமிராமல் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பதும் நான் கண்ணால் கண்டவை.

“எவ்வளவு காலத்துக்குத்தான் இதையே கதைப்பது, செத்தவர்களாக நினைத்து விட்டுவிட வேண்டியதுதானே” என்று சொல்பவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சொன்னார். எங்கே, எப்போது, யாருடைய கையில் என்று சொல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்வதை ஒரு தாய் எப்படி ஏற்பார்? 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. காணாமற்போனமைக்கான சான்றிதழும் வந்தது. ஆயினும் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்டது சான்றிதழை அல்ல. பிள்ளை தானாகப் போகவில்லை என்பதற்காகவே ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை அவர்கள் விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறார்கள். அன்று அங்கே இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இந்தத் தேடலை நாங்கள் தாய்மாரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டோம் என்பதே என் மனத்தாங்கல். படத்தைத் தூக்கிப்பிடித்து வெயிலில் இருப்பது அவர்களுடைய வேலை, படம் பிடித்து முகநூலில் போடுவது எங்களுடைய வேலை என்று ஆகிவிட்டது. புதைகுழியில் கிடைக்கும் எலும்புக்குப் பெயர் கொடுப்பதற்கு மரபணு ஒப்பீடு வேண்டும், அதற்கு உறவினரின் மாதிரி வேண்டும். தாய் இல்லாவிட்டாலும் தாய்வழி மரபணு சகோதரியிடமும் இருக்கும். ஆனால் எங்கள் சகோதரிகள் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்று என்ன உடுத்திருந்தான், எந்தப் பல் உடைந்திருந்தது, எந்தக் கை முறிந்து பத்துப் போட்டது, எந்தப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினான் என்பவையோ வீட்டாருக்கு மட்டும் தெரிந்தவை அல்ல. கூடப் படித்தவர்களுக்கும் கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அவை தெரியும், அவர்களுக்கும் இப்போது வயது போகிறது. பயத்தால் அன்று வாயை மூடியவர்கள் இன்றாவது தங்களுக்குத் தெரிந்ததை எழுதித் திகதியிட்டு வைக்க வேண்டும் என்றும், அதனைத் திரட்டும் வேலையை எங்கள் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தொடங்க வேண்டும் என்றும் கேட்கிறேன். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக முடித்தால் இன்னும் நல்லது.

சித்துப்பாத்தியில் தன் மகன்தான் கிடக்கிறான் என்று மாமி நம்பவில்லை, இல்லை என்றும் நம்பவில்லை. 2018இல் மன்னாரில் தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோதும் அவர் இரவிரவாக நித்திரை கொள்ளவில்லை. பிறகு அங்கிருந்து அனுப்பிய எலும்பு மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று அமெரிக்க ஆய்வுகூடத்திலிருந்து அறிக்கை வந்தது. அவருக்கு வேண்டியது உறுதியான ஒரு சொல். அது எந்தச் சொல்லாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்கிறார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கொப்பித்தாள் ஒன்றில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். இளம்பச்சைச் சேட்டு, வெள்ளைக் கோடு. மூன்றாவது பொத்தான் மண்ணிறம். நீலக் களிசான். இடது கால் செருப்பின் வார் அறுந்து, ஊசியால் குத்தியிருந்தது. ஒழுங்கை முகப்பில் வலப்பக்கம் திரும்பினான். மாமி அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடித்து, அந்த மோதிரம் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார்.