நானோ காருக்கு ஒட்டிய பெயர்

பலிக்காத விளம்பரத்தை அங்கே இங்கே மாற்றி ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல், அடியோடு விட்டுவிடுங்கள் என்று விளம்பரம் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். நூற்றுக்கு நூறு சரி. டாட்டா நிறுவனத்தின் நானோ காரையே பாருங்கள். 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று வந்தது. நம் வீடுகளில் முதல் கார் என்றால் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போவோம். தெருவே பார்க்கும். அந்த நேரத்தில் 'இருப்பதிலேயே மலிவான கார்' என்ற பெயரை யார் விரும்புவார்கள்? அப்படிப் பெயர் வாங்கியது தவறு என்று அந்தக் காரைக் கொண்டுவந்த ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிறகு பவர் ஸ்டீயரிங் சேர்த்தார்கள், 2015-ல் ஆட்டோமேட்டிக் கியரும் வந்தது. ஒட்டிய பெயர் போகவில்லை. 2018-ல் உற்பத்தியே நின்றது. உள்ளே தாராளமாக இடம் உள்ள நல்ல வண்டி, மனசு கேட்கவில்லை. நானும் அப்படித்தான், என் தையல் கடைக்கு மூன்று தீபாவளியாக நிறம் மாற்றி மாற்றி நோட்டீஸ் அடித்தேன், பலிக்கவில்லை. இந்த வருடம் அடிக்கப்போவதில்லை.