தெரிந்த நுட்பம் என்றே தள்ளிவிடலாமா?
பழைய நுட்பத்தை வீட்டுக் கருவிக்குள் வைத்தால் காப்புரிமை தரக்கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பையில்லாத வேக்குவம் கிளீனரை உருவாக்கிய பிரிட்டன்காரர் ஜேம்ஸ் டைசனின் வழக்கைப் பாருங்கள். மர அறுவை ஆலைகளில் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் கூம்பு முன்பே இருந்ததுதான். அதை வேக்குவம் கிளீனருக்குள் கொண்டுவர அவருக்கு 5,127 மாதிரிகள் தேவைப்பட்டன. பழைய வேக்குவம் கிளீனரில் தூசி சேரும் துணிப்பையின் நுண்துளைகளில் மாவு போன்ற தூசி அப்பிக்கொண்டால் உறிஞ்சும் வேகம் படுத்துவிடும். எங்கள் வீட்டில் பையை உதறும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் அவ்வளவு பாடு. 'இது எவருக்கும் தோன்றக்கூடியதே' என்று, டைசன் வழக்குத் தொடுத்த போட்டி நிறுவனமான ஹூவர் வாதாடியது. 2000இல் லண்டன் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1980இல் அந்தத் துறையினர் பையைத் தாண்டி யோசிக்கவே இல்லை என்றது. காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: அன்றைய துறையினருக்கு அது தோன்றியிருக்குமா என்பதை.