சத்தம் போடாமல் பெற்றால் என்ன பரிசு?

அந்தத் தம்பியின் பதிவை இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை. மட்டக்களப்பு ஆட்கள் முக்கால்வாசிப் பேரின் சுவரில் இப்போது அதுதான் ஓடுகிறது, இன்னும் பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். தகப்பனாகியிருக்கிறார், சந்தோசம், பிள்ளை நல்லா இருக்கட்டும். பிள்ளையின் காலைப் படமெடுத்துப் போட்டதிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க என்னுடையவள் ஒரு சத்தம் போடவில்லை, ஊசி கேட்கவில்லை, இதுதான் எங்கள் மண்ணின் பெண்" என்று எழுதி, அதற்குக் கீழே படித்தவர் படிக்காதவர் எல்லாரும் வரிசையில் வந்து இதயம் போட்டுவிட்டுப் போனார்களே, அங்கேதான் எனக்கு விசர் வந்தது.

பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்கள் எந்த மண்ணின் பெண்கள் தம்பி? செவ்வாய்க் கிரகமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்? எனக்குத் தெரிந்த எந்த லேபர் ரூமிலும் ஆம்பிளைகளை உள்ளே விட்டதில்லை. நீங்களும் எல்லாத் தகப்பன்மார் மாதிரியும் வெளியில் வாங்கில் இருந்து ஃபோனைத் தடவிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். அதில் தப்பில்லை, விடமாட்டார்கள், என்ன செய்வது. ஆனால் மூடிய கதவுக்கு வெளியே இருந்து காதில் விழுந்ததை வைத்து உள்ளே யாருக்கு எவ்வளவு நொந்தது என்று மார்க் போடுகிறீர்களே, அந்தத் துணிச்சல் எனக்கு வராது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான், இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலிக்கிறவர்கள் இப்போதே போகலாம். பிள்ளைப்பேற்று நோ ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தியின் நோவை வைத்து இன்னொருத்தியை அளக்காதீர்கள். சத்தத்தை வைத்து நோவை அளக்கவே அளக்காதீர்கள்.

இது கோபத்தில் சொல்லும் கதை இல்லை. கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி வாய் திறக்கிற நேரத்து நோ ஒரு நரம்புக் கூட்டம் வழியாகப் போகிறது. அடிவயிறா, இடுப்புக்குப் பின்னால் நாரியா, தொடையா, எங்கே நோகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் பரவும். பிள்ளையின் தலை இறங்கி வாசலுக்கு வருகிற நேரத்து நோ வேறு நரம்பு வழியாகப் போவது, அது இன்ன இடம் என்று தெரியும், நெருப்பாக எரியும். பிள்ளையின் பிடரி தாயின் முதுகெலும்புப் பக்கம் திரும்பிக் கிடந்தால் நாரி பிளந்துபோகும், பேறும் இழுபடும். முதல் பிள்ளையா, மூன்றாவதா, பிள்ளை எவ்வளவு பெரிது, நோ தானாக வந்ததா அல்லது சேலைனில் ஒக்சிடோசின் ஏற்றி வரவைத்ததா, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருந்ததா, பயமா, முதல் நாள் நித்திரை கொண்டாளா, இத்தனையும் சேர்ந்துதான் ஒருத்தியின் நோ. இதில் எதை அவள் தெரிவு செய்தாள், அவளுக்கு வீரப் பட்டம் கொடுக்கவும் மற்றவளுக்குப் பறிக்கவும்?

கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்றொருவர் இருந்தார், நோவை ஆராய்வதே அவருடைய வேலை. நோவை விவரிக்கும் சொற்களை வைத்தே அதை அளக்க 1975-இல் அவர் ஒரு கேள்விப் படிவம் தயாரித்தார், உலகம் முழுக்க இன்றும் அது பாவனையில் இருக்கிறது. 1980களில் பிள்ளை பெறும் பெண்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் அது மிகக் கடுமையான நோக்களில் ஒன்று. ஆனால் லேசான நோ என்று சொன்னவர்களும் இருந்தார்கள், தாங்கவே முடியாத கொடுமை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். முதற்பிள்ளைக்காரிகளுக்குச் சராசரியாக நோ கூடுதல். மாதவிடாய் நேரத்தில் வயிற்றுக்குத்து அதிகம் உள்ளவர்களுக்கும் கூடுதல். மூச்சுப் பயிற்சி படித்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போய்விடவில்லை. பிறகு 2020-இல் கேம்பிரிட்ஜில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. முதற்பிள்ளையை நோ மருந்தே கேட்காமல் பெற்ற பெண்களைக் கூப்பிட்டு, கையில் சூடு வைத்தும் அழுத்தியும் ஐஸ் தண்ணீரில் கையை விடச் சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் ஒரு மரபணு மாற்றம் இருந்தது, அது இருந்தால் கர்ப்பப்பையிலிருந்து நோவைக் கொண்டுபோகும் நரம்புகள் லேசில் தூண்டப்படாதாம். நூறு பெண்ணில் ஒருத்தியிடம் அது இருக்கலாம் என்கிறார்கள். உங்கள் மனைவி அந்த நூறில் ஒருத்தியாக இருந்தால் உண்மையிலேயே சந்தோசம் தம்பி. அது அவவின் அதிர்ஷ்டம். மிச்சம் தொண்ணூற்றொன்பது பேரின் கோழைத்தனம் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன், எப்படியும் வருவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மூத்தவனுக்குத் திகதி தாண்டிவிட்டது என்று வாட்டில் போட்டு மருந்து ஏற்றினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லமாட்டேன், இன்பொக்ஸிலும் கேட்காதீர்கள். அவன் பிடரியை என் முதுகில் முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான், அது பிறகுதான் தெரிந்தது. நோவும் நோவும் ஒட்டிக்கொண்டு வந்தது, இடையில் மூச்சு விடவும் இடமில்லை. கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அப்போது ஒரு மிஸி, நேர்ஸ்தான், வந்து படுக்கையறையை இழுத்து அந்தக் கேள்வியைக் கேட்டார். எந்தக் கேள்வி என்று இங்குள்ள பெண்களுக்குத் தெரியும், எழுதக் கூசுகிறது. கேட்டுவிட்டு, "பக்கத்துக் கட்டில் பிள்ளையப் பாருங்க, எவ்வளவு அமைதியாக் கிடக்கு" என்றார். நான் பார்த்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பெற்ற பிறகு வாட்டிலும் எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். எப்படி அடக்கினாய் என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "இல்லக்கா, எனக்கு மெய்யா அவ்வளவு நோகல்ல. மாசா மாசம் வாற குத்துக் கொஞ்சம் கூடின மாதிரித்தான். மறுகா ஒரு முக்கு, பிள்ளை வந்திட்டு. நான் ஒண்டும் செய்யல்லக்கா."

நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவளே சொல்கிறாள். அவளைக் காட்டித்தான் எனக்கு ஏச்சு.

இனி, சின்னவளுக்கு என்ன நடந்தது தெரியுமா? மருந்து ஏற்றவில்லை, நோ தானாக வந்தது, பிள்ளை கிடக்கவேண்டிய மாதிரிக் கிடந்தாள், சரசரவென்று முடிந்துவிட்டது. நொந்தது, ஆனால் மூத்தவனுக்கு நொந்ததில் கால்வாசிகூட இல்லை. கத்தவும் இல்லை. உடனே எல்லாரும் "இந்த முறை தைரியமாப் பெத்திட்டா" என்றார்கள். அதே நான், அதே வயிறு. இடையில் நான் எந்தப் பட்டறையில் போய்த் தைரியம் படித்தேன்? முதல் தரம் கோழை, இரண்டாம் தரம் வீராங்கனையா?

கல்முனைப் பக்கம் எனக்கொரு சிநேகிதி இருக்கிறாள், டீச்சர். அவளும் ஒரு சத்தம் போடவில்லை. கத்தினால் ஏச்சு விழும் என்று முதலே கேள்விப்பட்டுப் போய், வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு கிடந்தவள். அவளுக்கும் "நல்ல பிள்ளை" என்ற சான்றிதழ் கிடைத்தது. வருசக் கணக்காக இரண்டாவது பிள்ளை என்ற கதையை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவாள். அமைதியாகக் கிடந்த இரண்டு பேர், ஒருத்திக்கு நோகவில்லை, ஒருத்தி உயிர் போகக் கிடந்தாள். வெளியில் வாங்கில் இருந்த உங்களுக்கு இதில் வித்தியாசம் கேட்டிருக்குமா?

இப்போது சிலர் வருவார்கள், "அந்தக் காலத்தில் எங்கள் பெத்தாமார் வயலில் கதிர் அறுத்துக்கொண்டே பெற்றார்கள்" என்று. என் பெத்தாவும் பத்துப் பெற்றவதான், மருத்துவிச்சியின் கையில், வீட்டில். அதில் எத்தனை தங்கியது என்று யாரும் கேட்பதில்லை. 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000-க்கு மேல் தாய்மார் செத்தார்கள், இப்போது அது நாற்பதுக்கும் கீழே வந்து நிற்கிறது. அந்தப் பெத்தாமார் கத்தவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கத்திச் செத்தவர்கள் வந்து கொமெண்ட் போட மாட்டார்கள். 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துப் பெண்கள் நோவோடு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதானே இந்தக் கரைக்கு வந்தார்கள், அவர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், சும்மா இருந்தார்களா என்று.

ஊசி கேட்பது அவமானமாம். விக்டோரியா மகாராணி 1853-இல் எட்டாவது பிள்ளைக்கு டொக்டர் ஜோன் ஸ்னோவைக் கூப்பிட்டு குளோரோஃபோம் வாங்கிக்கொண்டா. பெண் வேதனையோடுதான் பெறவேண்டும் என்று வேதத்தில் கிடக்கிறது என்று அங்கேயும் குறுக்கே நின்றவர்கள் உண்டு, மகாராணி வாங்கிய பிறகு அவர்களின் சத்தம் குறைந்தது. நோ குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகு நோகும் என்று ஊரில் ஒரு கதை, ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முதுகு நோகத்தான் செய்யும், தூக்குவதும் குனிவதும் பால் கொடுப்பதும் அவள்தானே. அதைவிட, எங்கள் பக்கத்தில் எபிடியூரல் கேட்டவுடன் தட்டில் வைத்துத் தருகிறார்களா என்ன? பெதிடின் என்ற நோ ஊசி ஒன்று கிடைத்தால் பெரிய விசயம். இல்லாத சொகுசுக்கு ஏச்சு மட்டும் முதலே வந்துவிட்டது.

"மிஸிமாருக்கு எவ்வளவு வேலை தெரியுமா" என்று கேட்பவர்களுக்கு: தெரியும். ஒருவர் எத்தனை கட்டில் பார்க்கிறார் என்று நானே பார்த்தேன். என் சின்னவளைக் கையில் ஏந்திய மிஸியை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் வேலை கூடியவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவ்வளவுதான்.

"இது பெண்ணியக் கூச்சல்" என்பவர்களுக்குப் பதில் இல்லை, போய்ச் சாப்பிடுங்கள்.

"பொண்டாட்டியைப் பாராட்டினது ஒரு குற்றமா அக்கா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அந்தத் தம்பியின் கூட்டாளிகள் முக்கியமாக. பாராட்டுங்கள். பிள்ளை பெற்றாள் என்று பாராட்டுங்கள். சத்தம் போடவில்லை என்று பாராட்டும்போதுதான் பிரச்சினை. நாளைக்கு இரண்டாவது பிள்ளை, அது திரும்பிக் கிடந்து, அவ கத்தவேண்டி வந்தால்? ஊரெல்லாம் கைதட்டிய ஒன்றை அவ கட்டிக் காக்கவேண்டும். நோகுது என்று மிஸியிடம் சொல்லக்கூட யோசிப்பா. நோகுது என்பது சும்மா அழுகை இல்லை தம்பி, அது தகவல். இரத்தம் போகிறதா, தைத்த இடம் வீங்குகிறதா, ஏதோ பிழைக்கிறதா என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான். அம்பாறைப் பக்கம் சிங்களம் தெரியாமல் போய், டொக்டருக்கு இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக் கிடந்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கத்துவதைவிட வேறென்ன வழி இருந்தது?

எங்கள் ஊரில் பெண்களின் சத்தத்துக்குப் பஞ்சமா? கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்குக் குரவை போடுகிறோம், நாலு தெருவுக்குக் கேட்கும், ஆம்பிளைகள் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். கலியாணத்துக்குக் குரவை, பிள்ளை பிறந்ததும் குரவை. பிறந்த பிறகு சத்தம் போட்டால் மங்களம், பிறக்கும்போது போட்டால் மானக்கேடு.

இவ்வளவும் அந்தத் தம்பிக்காக எழுதவில்லை என்பது எழுத எழுதத்தான் தெரிகிறது. அவர் சின்னப் பொடியன், சந்தோசத்தில் எழுதிவிட்டார். எனக்கு நொந்தது கீழே இருந்த கொமெண்ட்களில். எல்லாம் பெண்கள். என்னோடு ஏ.எல். படித்த ஒருத்தி, "இப்ப உள்ளவளுகளுக்கு நகம் உடைஞ்சாலும் சீசர் வேணும்" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்த நேரம் அவளின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று அழுதது எனக்கு மறக்கவில்லை, அவளுக்கு மறந்துவிட்டது போல. சரி, அது அவளின் கணக்கு.

ஆனால் சின்ன மாமி, நீங்களுமா? "எங்கட மருமகளும் ஆஸ்பத்திரிய ரெண்டாக்கினவதான்" என்று, பெயர் போடாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி. நீங்கள் அன்றைக்கு அங்கே வரவே இல்லையே மாமி, உங்களுக்கு அந்தக் கதை யார் சொன்னது? உங்கள் மகளுக்குத் தைமாதம் திகதி. அவளுக்கு எப்படி நோகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. லேபர் ரூமில் துணைக்கு ஒருவரை விட்டால் நான்தான் கூட நிற்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றுவிட்டாள். அவள் கத்தினால் நான் வாயைப் பொத்தச் சொல்லமாட்டேன்.

இதை வாசித்துவிட்டு ஃபோன் எடுக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை அங்கேதானே வருவேன், அப்போது நேரிலேயே ஏசுங்க. அந்தக் கொமெண்டை அதற்கு முதல் அழித்துவிட்டால் நல்லது.