நீந்திச் சென்ற டிரவுட் பிழைத்துவிட்டது என்று பொருளல்ல

அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள பிரமிடு ஏரியில் தூண்டிலில் பிடித்துத் திரும்ப நீரில் விடப்பட்ட பெரிய கட்த்ரோட் டிரவுட் என்ற நன்னீர் மீனைப் பற்றி, "விட்டதும் நீந்திப் போய்விட்டது, ஆகவே ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்துப் படமெடுத்ததால் அதற்கு ஒரு கேடும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான முடிவு.

நீரை விட்டு வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், போராடிக் களைத்து ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் மீனின் மூச்சு ஏறக்குறைய நின்றுபோகிறது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை விரட்டப்பட்ட வானவில் டிரவுட்டுகளில், வெளியே எடுக்கப்படாதவற்றுள் 12 விழுக்காடும், 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 38 விழுக்காடும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 72 விழுக்காடும் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. ஆய்வகத்தில், வேறோர் இனத்தில் கண்ட இந்த அளவுகள் ஏரிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; ஆனால் மீன் பிறகு இறந்தால் கரையில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பிரமிடு ஏரியில் கலக்கும் டிரக்கி ஆற்றில் 1905இல் கட்டப்பட்ட டெர்பி அணையால் முட்டையிட ஆறேறும் வழியை இழந்து, 1940களுக்குள் அற்றுப்போன அந்த ஏரியின் பூர்விக கட்த்ரோட் மரபு, பைலட் பீக் மலை ஓடையொன்றில் எஞ்சிய மீன்களால் 2006 முதல் அங்கு மீட்கப்பட்டு வருகிறது. அத்தகைய மீனுக்கு இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும். ரப்பர் வலையில் நீருக்குள்ளேயே வைத்து, நனைத்த கையால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கேமரா தயாரான பிறகு, நீர் சொட்டச்சொட்ட இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் தூக்குங்கள்.