ரொட்டியை உப்ப வைத்தவர் யார்?

மாமியார்: மாப்பிள்ளை, மேசைமேல் கிடக்கிற இதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க எடுத்துக்கொள்ளலாமா, அல்லது இதற்கு வேறு ஏதாவது பயன் நினைத்திருக்கிறீர்களா?

மாப்பிள்ளை: அத்தை, அது அயர்லாந்து சோடா ரொட்டி. அதுவும் சாதாரண சோடா ரொட்டி அல்ல, கைவினை ரொட்டி. மாவையும் தண்ணீரையும் ஜாடியில் கலந்து, தானாகப் புளிக்கவிட்டு நானே 15 நாள் வளர்த்த சவர்டோ ஸ்டார்ட்டரைச் சேர்த்து, நேற்றிரவு பிசைந்து, 14 மணி நேரம் புளிக்க வைத்து, இன்று காலையில் சுட்டது.

மாமியார்: சோடா போட்டீர்களா?

மாப்பிள்ளை: சோடா போடாமல் சோடா ரொட்டியா?

மாமியார்: எப்போது போட்டீர்கள்?

மாப்பிள்ளை: நேற்றிரவு, மாவோடு சேர்த்துத்தான்.

மாமியார்: அப்படியானால் அது நேற்றிரவே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஈரமும் புளிப்பும் பட்ட நொடியிலேயே சமையல் சோடா நுரைத்துக் காற்றை விடத் தொடங்கிவிடும். அந்தக் காற்று மாவுக்குள் இருக்கும்போதே ஓவனுக்குள் தள்ளினால்தான் ரொட்டி எழும். நேற்றிரவு சோடா எழுந்து பார்த்திருக்கிறது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் அதுவும் படுத்துவிட்டது.

மாப்பிள்ளை: சோடா போனால் என்ன அத்தை, உப்ப வைப்பதற்கு ஸ்டார்ட்டர் இருக்கிறதே?

மாமியார்: ஸ்டார்ட்டர் உப்ப வைக்குமென்றால் சோடா எதற்கு?

மாப்பிள்ளை: சோடா ரொட்டி ஆயிற்றே.

மாமியார்: சோடா உப்ப வைக்குமென்றால் ஸ்டார்ட்டர் எதற்கு?

மாப்பிள்ளை: அது பாரம்பரியம் அத்தை.

மாமியார்: யாருடைய பாரம்பரியம்?

மாப்பிள்ளை: அயர்லாந்துக்காரர்களுடையது. 1836ஆம் ஆண்டிலேயே லண்டனில் வெளிவந்த வேளாண் இதழ் ஒன்றில், அயர்லாந்தின் வடபகுதிச் செய்தித்தாள் ஒன்றிலிருந்து எடுத்து, இந்த ரொட்டியின் செய்முறையை அச்சிட்டிருக்கிறார்கள். நானே தேடிப் படித்தேன்.

மாமியார்: அதில் ஸ்டார்ட்டர் இருந்ததா?

மாப்பிள்ளை: மாவு, உப்பு, சோடா, மோர் ஆகியவை இருந்தன.

மாமியார்: ஸ்டார்ட்டர்?

மாப்பிள்ளை: மோர் கெட்டியாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

மாமியார்: சரி, இரவெல்லாம் வைத்திருக்கச் சொல்லியாவது இருந்ததா?

மாப்பிள்ளை: மூடிய பாத்திரத்தில் வைத்து, அடியில் 20 நிமிடம் மிதமான சூடும், பிறகு மூடியின்மேல் தணலைப் பரப்பி அரை மணி நேரமும் கொடுக்கச் சொல்லியிருந்தது.

மாமியார்: ஆக, 50 நிமிடத்தில் முடிந்த காரியத்துக்கு நீங்கள் 15 நாள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், பாரம்பரியம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை, அந்த நாட்டில் விளைந்த கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதில் குறைவு. ஏழை வீடுகளில் ஓவனும் கிடையாது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை எரித்து, அந்த நெருப்பின்மேல் வார்ப்பிரும்புச் சட்டியைத் தொங்கவிட்டுத்தான் சுட்டார்கள். வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோர் கையில் இருந்தது. சோடாவும் கைக்கு எட்டியதும், இனி மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அந்தப் பெண்கள் மூச்சுவிட்டார்கள். அவர்கள் விட்ட மூச்சைத்தான் நீங்கள் பிடித்துவந்து ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: ஜாடியில் இருப்பது உயிருள்ளது அத்தை. அதில் காட்டு ஈஸ்டும், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாவும் கூடி வாழ்கின்றன.

மாமியார்: நன்றாக வாழட்டும். இந்த ரொட்டியில் அவை பார்த்த வேலை என்ன?

மாப்பிள்ளை: தனித்துவமான புளிப்புச் சுவையைத் தருமே.

மாமியார்: அந்தப் புளிப்பைத் தின்றுதான் சோடா காற்றை விடுகிறது. 15 நாள் பாடுபட்டு நீங்கள் சேர்த்த புளிப்பை ஒரு தேக்கரண்டி சோடா ஒரே வாயில் முடித்துவிடும். ஆமாம், எவ்வளவு போட்டீர்கள்?

மாப்பிள்ளை: 450 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி என்று இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று போட்டேன்.

மாமியார்: அதனால்தான் ஒரு துண்டை வாயில் போட்டதும் சோப்புச் சுவை தட்டி, எனக்குக் குளித்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை: மேலே போட்ட கீறலாவது அழகாக வந்திருக்கிறதே? சிலுவையாகக் கீறினால் உள்ளே இருக்கும் குட்டித் தேவதைகள் அந்த வழியாக வெளியேறும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

மாமியார்: தடிப்பான நடுப்பகுதிக்குள் சூடு நுழைவதற்கும், பிறகு நான்காகப் பிட்டுக்கொள்வதற்கும் அந்தக் கீறல் உதவும், ஆகவே ஆழமாகக் கீற வேண்டும். நீங்கள் மேலாகக் கோதுமைக் கதிர் வரைந்திருக்கிறீர்கள். இதற்குள் தேவதை யாராவது மாட்டிக்கொண்டிருந்தால், உளியோடு ஆள் வந்தால்தான் வெளியே எடுக்க முடியும். அது போகட்டும், அந்த ஜாடிக்குத் தினமும் எவ்வளவு மாவு போடுகிறீர்கள்?

மாப்பிள்ளை: 100 கிராம் மாவும் 100 கிராம் தண்ணீரும். ஆனால் ஊட்டுவதற்கு முன் பழையதிலிருந்து 200 கிராமை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நாளுக்கு நாள் பெருகி, ஜாடிக்குப் பதிலாக வாளி தேவைப்படும்.

மாமியார்: எடுத்ததை என்ன செய்கிறீர்கள்?

மாப்பிள்ளை: வீசிவிடுவேன்.

மாமியார்: வாரத்துக்கு 700 கிராம் மாவு. ஒன்றரை ரொட்டிக்கான மாவைக் குப்பைக்கூடைக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு இந்தக் கல்லைக் கொடுக்கிறீர்கள். இந்த வீட்டில் குப்பைக்கூடைதான் நன்றாகச் சாப்பிடுகிறது.

மாப்பிள்ளை: அது வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் அத்தை, சோடா ரொட்டியில் சேர்த்துப் பார்த்தேன்.

மாமியார்: அப்பாடா! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். வெண்ணெய் கடைந்தவள் மிஞ்சிய மோரை ஊற்றினாள். நீங்கள் மிஞ்சிய மாவை ஊற்றியிருக்கிறீர்கள். சோடாவுக்கு வேண்டியது புளிப்பு, அது எங்கிருந்து வந்தாலும் அதற்குச் சம்மதம்தான். மிச்சத்தைத் தீர்க்க வழி தேடினேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பாரம்பரியம், கைவினை என்றெல்லாம் எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: அப்படியென்றால் ஸ்டார்ட்டருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

மாமியார்: இருக்கிறது. மோருக்கு உதவியாள்.

மாப்பிள்ளை: கொஞ்சமாவது உப்பவும் வைத்திருக்கும்.

மாமியார்: ஸ்டார்ட்டர் உப்ப வைக்குமென்றால் சோடா எதற்கு?

(இந்த இடத்திலிருந்து பேச்சு மறுபடி தொடக்கத்துக்கே போய், பாரம்பரியத்தைத் தொட்டு, மூன்று சுற்றுச் சுற்றியது. எனக்கே தலைசுற்றியதால் அதை எழுதவில்லை.)

மாமியார்: என் மகள் எங்கே?

மாப்பிள்ளை: பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். காய்ந்த ஸ்டார்ட்டர் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டால் அவ்வளவு எளிதில் விடாது அத்தை. அதன் பிடிப்பு அபாரமானது.

மாமியார்: அதைச் சுரண்டுகிறவளுக்கும் அது தெரிந்திருக்கும். 12 ஆண்டுகளாக மூன்று வேளையும் அவள் அடுப்பருகே நிற்கிறாள். அவளை யாரும் கைவினைஞர் என்று அழைத்து நான் கேட்டதில்லை. இரண்டு வாரம் ஒரு ஜாடியைக் கிளறிய உங்களுக்கு அந்தப் பட்டம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை: …

மாமியார்: சரி, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றியாகிவிட்டது. 350 கிராம் மாவு, ஒரே ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு. இதில் நீங்கள் வீசவிருந்த 200 கிராமையும், 300 மில்லிலிட்டர் மோரையும் சேர்த்து ஊற்றுங்கள். பிசையாதீர்கள்! விரல்களை விரித்து ஒரு சுற்றுச் சுற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். உருட்டி, ஆழமாகக் கீறி, உள்ளே தள்ளுங்கள்.

மாப்பிள்ளை: ஒரே நிமிடம் அத்தை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

மாமியார்: வெளிச்சம் காத்திருக்கும், சோடா காத்திருக்காது.

(ஏறக்குறைய 40 நிமிடத்துக்குப் பிறகு.)

மாப்பிள்ளை: அத்தை, அடியில் தட்டினால் வெற்றுக்குடம் போல ஒலிக்கிறது! உள்ளேயும் வெந்துவிட்டது. எழும்பியிருக்கிற உயரத்தைப் பார்த்தீர்களா? நான் சொன்னேனே, எல்லாம் ஸ்டார்ட்டரின் வேலை.

மாமியார்: ஆமாம் மாப்பிள்ளை. அவ்வளவு சுறுசுறுப்பானவர் சும்மா இருக்க வேண்டாம். பின்னால் போய் மீதிப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டு, என் மகளை ரொட்டி சூடாக இருக்கும்போதே வந்து உட்காரச் சொல்லட்டும்.