நாலு வரி மரண அறிவித்தலுக்கு மாமியின்ர போன் ஏன் மாடாய் உழைக்கவேணும்?

எட்டுச் செலவும் முடிஞ்சுது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கேல்லை.

நெடுந்தீவிலை இருக்கிற என்ர மாமிக்கு, யாழ்ப்பாணத்திலை இருந்த அவவின்ர பள்ளிக்கூடச் சிநேகிதி மோசம்போன செய்தி இரவு வைபரிலைதான் போனது. கனடாவிலையிருந்து ஆரோ மரண அறிவித்தலின்ர லிங்கை மட்டும் அனுப்பியிருக்கினம். மாமி அமத்தினா. வெள்ளைப் பக்கம். திருப்பி அமத்தினா. அதே வெள்ளைப் பக்கம். சிக்னல் வாற இடம் எண்டு முத்தத்து வேம்புக்குக் கீழை போய் நிண்டும் பார்த்திருக்கிறா. செத்த வீட்டுக்கு நடுச்சாமத்திலை போன் எடுத்து "எத்தினை மணிக்கு எடுக்கிறியள்" எண்டு கேக்க அவவுக்கு மனம் வரேல்லை. விடிஞ்சாப் பிறகு எனக்கு எடுத்தா. நான் கொம்பியூட்டரிலை திறந்து பார்த்துச் சொல்லேக்கை குறிகட்டுவானுக்கு வாற முதல் படகு போட்டுது. தகனம் காலமை 10 மணிக்கு, கோம்பயன்மணல் மயானத்திலை. அடுத்த படகைப் பிடிச்சு வந்த மனுசி கண்டது கழுவிவிட்ட வீட்டைத்தான்.

அந்தப் பக்கத்தைச் செய்து குடுத்தது நான் வேலை செய்யிற கொம்பனி. அதுதான் நெஞ்சைப் போட்டு அறுக்குது.

விசயம் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அறிவித்தல் எல்லாம், பேர், நேரம், மயானம் எண்டு ஒவ்வொண்டுக்கும் குறி போட்டு வைக்கிற எக்ஸ்எம்எல் கோப்பாக் கிடக்கு. அதை ஆக்கள் வாசிக்கிற எச்ரிஎம்எல் பக்கமா, அதாவது சாதாரண இணையப் பக்கமா, மாத்திற விதிகளை எழுதிற மொழி எக்ஸ்எஸ்எல்ரி. அந்த மாத்திற வேலையைச் சேர்வர், அதாவது பக்கத்தை அனுப்பிற எங்கட கொம்பியூட்டர், செய்து முடிச்சும் அனுப்பலாம், மூலத்தை அப்பிடியே அனுப்பி "நீயே மாத்திப் பார்" எண்டு பாக்கிறவையின்ர பிரவுசரிட்டையும் விடலாம். எங்கட மீற்றிங்கிலை ரெண்டாவதைத்தான் எடுத்தினம். காரணம் என்ன தெரியுமே? "சேர்வர் பில் குறையும்." அண்டைக்கே நான் கத்தினனான். கேட்டால்தானே.

பில் குறையேல்லை, வேறை ஆற்றையோ தலையிலை விழுந்திருக்கு. மரண அறிவித்தல் ஒருக்கா எழுதினால் பிறகு மாறுறது எப்பவாவதுதான். சேர்வர் ஒரே ஒருதரம் மாத்தி, அந்தப் பக்கத்தை அப்பிடியே சேமிச்சு வைச்சுக் கேக்கிற எல்லாருக்கும் குடுக்கலாம். 2,000 பேர் பார்த்தாலும் ஒரு வேலை. இப்ப 2,000 பேரின்ர போனும் தனித்தனியா அதே வேலையை 2,000 தரம் செய்யுது. அதுக்குக் காசு குடுக்கிறது றீலோட் போட்டு டேற்றா வாங்கிற சனம்.

மாமியின்ர போனுக்குள்ளை என்ன நடந்தது எண்டு பார்த்தன். கோப்பிலை அவவின்ர சிநேகிதியின்ர அறிவித்தல் மட்டும் இல்லை, அந்த மாசத்து அறிவித்தல் முழுக்கக் கிடக்கு. அந்த முழுக் கோப்பும் இறங்கவேணும். பிறகு மாத்திற விதிகள் இருக்கிற கோப்பு இறங்கவேணும். ரெண்டும் கடைசி எழுத்து வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் பிரவுசர் மாத்தவே தொடங்கும். அதுவரைக்கும் திரையிலை ஒரு எழுத்தும் வராது. சாதாரண எச்ரிஎம்எல் எண்டால் வரவர மேலையிருந்து காட்டிக்கொண்டு போகும். பாதியிலை லைன் அறுந்தாலும் பேரும் நேரமும் மயானமும் கண்ணிலை பட்டிருக்கும். மாமிக்கு அது காணும்! "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" எண்டு எழுதி வைச்சிட்டு, அதை ஏற்றுக்கொள்ள நல்ல போன் வேணும் எண்டால் என்ன கதை இது?

சரி, செய்யிற எங்களுக்காவது சுகமோ? அதுவும் இல்லை. பிரவுசர்கள் 1999இலை வந்த எக்ஸ்எஸ்எல்ரி 1.0ஓடையே நிண்டுட்டுது. 2007இலை 2.0 வந்தது, 2017இலை 3.0 வந்தது, ஒரு பிரவுசரும் எடுக்கேல்லை. அறிவித்தல்களை ஊர் வாரியாப் பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டினம், நியாயமான கேள்வி. 2.0 எண்டால் அதுக்கெண்டே ஒரு கட்டளை இருக்கு. சேர்வரிலை சாக்சன் எண்ட மாத்திற மென்பொருளைப் போட்டிருந்தால் பத்து நிமிச வேலை. 1.0இலை அது இல்லை. ஊர்ப் பேரைத் தேடுற சாவியாப் போட்டு, ஒவ்வொரு ஊரிலையும் முதல் வாற அறிவித்தலைத் தேடிப் பிடிச்சு, அதை வைச்சுச் சுத்தி வளைக்கவேணும். ரெண்டு இரவு மினக்கெட்டன். குரோமிலை சரியா வந்ததைப் பயர்பொக்ஸிலை திறந்தால், பந்தி பிரிக்கிற குறியெல்லாம் "அன்னார்" எண்ட சொல்லுக்கு முன்னாலை எழுத்தாவே வந்து நிக்குது. குறியைக் குறியாவே வெளியிலை விடு எண்டு சொல்லுற வசதியைப் பயர்பொக்ஸ் ஏற்கிறதில்லை. சேர்வரிலை மாத்தினால் பாக்கிறவையின்ர பிரவுசருக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியவே தேவையில்லை.

போனிலை ஒண்டுமே செய்யக்கூடாது எண்டு நான் சொல்ல வரேல்லை. வந்த பட்டியலுக்குள்ளை தேடுறது, படிவத்திலை விட்ட பிழையைக் காட்டுறது, ஒருத்தர் தன்ர சொந்தக் கோப்பை வெளியிலை அனுப்பாமல் மாத்திறது எல்லாம் அங்கைதான் நடக்கவேணும். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போற எழுத்தை ஒவ்வொருத்தரும் தனித்தனியா என்னத்துக்குச் சமைக்கவேணும்?

இப்ப என்னை உண்மையா விசராக்கினது இனித்தான். 2025இலை குரோம்காரர் தங்கட பிரவுசரிலையிருந்து எக்ஸ்எஸ்எல்ரியை எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சிட்டினம். 2026 நவம்பரிலை வாற 155ஆவது பதிப்போடை நிப்பாட்டுறது எண்டுதான் அப்ப சொன்ன திட்டம். பழைய நிரல், அதிலை பாதுகாப்பு ஓட்டை வருது எண்டு காரணமும் சொல்லியிருக்கினம். நான் சந்தோசப்பட்டன். இனியாவது சேர்வருக்குக் கொண்டு வருவினம் எண்டு நினைச்சன். இல்லை! எங்கட கொம்பனிக்காரர் சொல்லுகினம், அதே வேலையைப் பிரவுசருக்குள்ளையே செய்யிற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் துண்டு ஒண்டையும் பக்கத்தோடை சேர்த்து அனுப்புவமாம். அப்ப மாமியின்ர போன் மாத்திற வேலையும் செய்யவேணும், மாத்திற இயந்திரத்தையும் சேர்த்து இறக்கவேணும்!

நாளைக்குக் காலமை 9 மணிக்கு அதைப் பற்றி மீற்றிங். மாமி எட்டுச் செலவுக்கு வந்து எங்கட வீட்டிலைதான் நிக்கிறா. அவவின்ர போனைக் கேட்டு வாங்கி வைச்சிருக்கிறன். வைபைப் பாஸ்வேட் குடுக்காமல், அவவின்ர டேற்றாவிலை, எங்கட டிரெக்டரின்ர கையிலை குடுத்துத் திறக்கச் சொல்லப்போறன்.