"ஓசியில தாறதுக்கு இதுதான் வரும்"

போன கிழமை ஒரு அரச ஆஸ்பத்திரியில கிளினிக் மருந்துக்கு வரிசையில நிண்டனான். எனக்கு முன்னால நிண்ட அம்மாவுக்கு நாலு மருந்தில ரெண்டுதான் கிடைச்சுது. மிச்சத்துக்குத் துண்டு. "வெளியில வாங்குங்கோ அம்மா." துண்டைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு பஸ் ஸ்ராண்ட் பக்கம் நடந்தா. பாமசி மற்றப் பக்கம். பின்னால ஒருத்தர் சொன்னதுதான் தலைப்பு.

எங்கட யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி 1850 இல தொடங்கேக்க உண்மையிலயே தர்மம்தான். அரசாங்க அதிபர் டைக் துரை முன்னுக்கு நிண்டு, பிரெண்ட் இன் நீட் சொசைட்டி எண்ட தர்மசங்கத்தின்ர பேரில தொடங்கினது. அந்தக் காலத்திலதான் மானிப்பாயில அமெரிக்க மிஷனரி கிறீன் டொக்டரும் மிஷன் ஆஸ்பத்திரி நடத்தி, பிறகு பெடியளுக்குத் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர். பெரியாஸ்பத்திரியை 1907 இல அரசாங்கம் எடுத்தது. 1951 இல அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் நிண்டது. 1971 இல வெளிநோயாளரிட்ட 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977 இல அதையும் விட்டிட்டினம்.

அப்ப காசு ஆற்றை? அந்த அம்மா சவுக்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் வற் வரி கட்டுறா. 2024 தையில இருந்து 18 வீதம். வருமான வரி கட்டாதவையை வரியே கட்டாதவை எண்டு நினைக்கிறது எங்கட படிச்ச ஆக்களின்ர வருத்தம்.

இப்ப என்ன குறையெண்டாலும் "வெளிநாட்டில இருக்கிற ஆக்களிட்டக் கேப்பம்" எண்டுறம். குறை சொல்லேல்லை. 2011 இல ஆக்கள் தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை மட்டும் நடந்து சேர்த்த காசிலதான் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பினது. நடந்தவையைக் கும்பிட வேணும். ஆனா கட்டடத்தை ஒருக்காக் கட்டினாச் சரி, நேர்ஸ்மாருக்குச் சம்பளம் மாசாமாசம் வேணும். மெஷின் தாறவர் அதைத் திருத்துற செலவையும் சேர்த்தோ தாறார்? "இந்தப் பஞ்சும் பன்டேஜும் இன்னார் உபயம்" எண்டு கல்லுப் பதிச்சதை ஆரும் கண்டனியளோ? உபயகாரர் தனக்குப் பிடிச்சதைத்தான் தருவார். அது அவற்ற உரிமை. அதை நம்பி ஆஸ்பத்திரி நடத்தினா நாங்கள் திரும்ப 1850 இலதான்.

அந்தத் துண்டில இருந்தது பிறசர் குளிசை. பெரிய சாமான் ஒண்டுமில்லை. அதை ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டு நாளைக்கு அவவுக்குப் பாரிசவாதம் வந்தா, கிழமைக்கணக்கில வாட்டில வைச்சுப் பாக்கப் போறதும் இதே ஆஸ்பத்திரிதான், இதே வரிக்காசிலதான். பட்ஜெட் விவாதத்தில எங்கட எம்பிமார் மருந்து ஒதுக்கீட்டைப் பற்றி என்ன கேட்டவை எண்டு இந்த முறை இருந்து பாக்கப் போறன்.